அடுத்தவர் தொடங்கிய கம்பெனியில் சிஇஓ நாற்காலி: உட்காரும் முன்பும் பின்பும்

கம்பெனியைத் தொடங்கியவர் ஒரு முடிவெடுத்தால் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. அது தப்பாகவே போனாலும், ‘அவருக்குத் தெரியாததா, ஏதோ கணக்கு வைத்திருப்பார்’ என்று ஊழியர்களே சமாதானம் சொல்லிக்கொள்வார்கள். அதே முடிவை வெளியிலிருந்து வந்த சிஇஓ எடுத்தால் மதியச் சாப்பாட்டு நேரத்தில் கேன்டீனில் பட்டிமன்றம் நடக்கும். இரண்டு பேருக்கும் விசிட்டிங் கார்டில் ஒரே பதவிதான்.

நிறுவனரின் அதிகாரம் எந்தக் காகிதத்திலும் எழுதப்பட்டதில்லை. சம்பளம் கொடுக்க மனைவியின் நகையை அடகு வைத்த கதையிலும் முதல் ஆர்டரைத் தானே வண்டியில் கொண்டுபோய்க் கொடுத்த கதையிலும் அது இருக்கிறது. உங்களுடையது காகிதத்தில் மட்டும்தான் இருக்கிறது, அதுவும் கேட்டு வாங்கினால். அந்தக் காகிதத்தைச் சரியாக வாங்க வேண்டும்; அது மதிப்பிழப்பதற்குள் கம்பெனிக்குள் சொந்தமாகக் கொஞ்சம் நம்பிக்கை சம்பாதித்தாக வேண்டும். முதல் வருடத்தின் வேலை இதுதான். ஐம்பது முதல் ஐந்நூறு பேர் வரை வேலை செய்யும் கம்பெனியில் முதல் முறையாக இந்தப் பொறுப்புக்குப் போகிறவர்களை நினைத்து எழுதுகிறேன். பெரிய கம்பெனிகளின் கதைகளைச் சொல்வதற்குக் காரணம், அவை மட்டுமே ஊரறிய நடந்தவை.

படி 1: அவர் ஏன் நகர்கிறார் என்று மூன்று பேரிடம் கேளுங்கள்

சம்பளப் பேச்சுக்கு முன்பே இதைச் செய்ய வேண்டும். நிறுவனர் ஒரு காரணம் சொல்வார், முதலீடு போட்டவர் வேறொன்று சொல்வார், ஆரம்ப நாளிலிருந்து இருக்கும் அக்கவுண்ட்ஸ் மேனேஜரின் பதில் மூன்றாவதாக இருக்கும். மூன்றும் ஏறக்குறைய ஒத்துப்போனால் நல்ல சகுனம்.

நிறுவனர் தானே விரும்பி ஒதுங்குகிறார் என்றால் உங்களுக்கு அதிர்ஷ்டம். சென்னையில் 2010இல் தொடங்கிய ஃப்ரெஷ்வொர்க்ஸ் என்ற மென்பொருள் கம்பெனியில் டென்னிஸ் உட்சைட் 2022 செப்டம்பரில் பிரசிடெண்டாகச் சேர்ந்தார். நிறுவனர் கிரிஷ் மாத்ருபூதம் பக்கத்தில் ஒன்றரை வருடத்துக்கு மேல் இருந்துவிட்டு 2024 மே மாதம்தான் சிஇஓ ஆனார். இப்படி ஒரு ஒட்டுக்காலம் கிடைக்குமா என்று கேட்டுப் பாருங்கள். ஆறு மாதம் கிடைத்தாலும் பெரிது.

முதலீட்டாளர்கள் நிறுவனரை இறக்கிவிட்டு உங்களை ஏற்றுகிறார்கள் என்றால் கவனம் தேவை. ஊபரில் இணை நிறுவனர் டிராவிஸ் கலானிக் 2017 ஜூனில் பதவி விலகினார், போர்டிலிருந்து விலகவில்லை. தாரா கோஸ்ரோஷாஹி சிஇஓவாக வந்த அடுத்த மாதமே, தன்னிடமிருந்த உரிமையைப் பயன்படுத்தி, புதியவரைக் கலக்காமல் இரண்டு பேரை போர்டு உறுப்பினர்களாக நியமித்தார் கலானிக். பதவி போனவரிடம் என்னென்ன உரிமை மிச்சம் இருக்கிறது என்பதை வருகிறவர் முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் இல்லை.

நம் பக்கத்தில் அதிகம் பார்க்கக்கூடியது மூன்றாவது வகை. அப்பாவுக்கு வயதாகிவிட்டது, பிள்ளை வெளிநாட்டில், இடையில் ஒருவர் வேண்டும். இங்கே நேராகவே கேட்டுவிடலாம்: ‘தம்பியோ பாப்பாவோ எப்போது வருவார்கள், சார்?’ ஐந்து வருடத்தில் வருவார்கள் என்றால் உங்கள் வேலை ஐந்து வருடத்துக்கானது. அதில் அவமானம் ஒன்றுமில்லை. ஒப்பந்தத்தில் தேதியையும், முடியும்போது கிடைக்கவேண்டிய தொகையையும் போட்டுக்கொண்டால் போதும். பிள்ளை வரவே மாட்டார் என்று சத்தியம் செய்கிற அப்பாவை நான் நம்ப மாட்டேன்.

படி 2: வாக்கு யார் கையில், கடன் யார் தலையில்

கம்பெனியின் சங்க விதிகள், ஆண்டுக் கணக்குகள், சொத்துகள் மீது வங்கி பதிவு செய்திருக்கும் அடமானங்கள் எல்லாம் மத்திய கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் சிறு கட்டணம் கட்டினால் பார்க்கக் கிடைக்கும். சேரும் முன் ஒரு கம்பெனி செக்ரட்டரியை வைத்துப் படித்துவிடுங்கள். ஷேர்ஹோல்டர்ஸ் அக்ரிமெண்ட் அங்கே இருக்காது. அதை நிறுவனரிடமே கேட்க வேண்டும். காட்டத் தயங்கினால் அந்தத் தயக்கமும் ஒரு தகவல்தான். அதில் பார்க்க வேண்டியது, யாருடைய சம்மதம் இல்லாமல் எதெதைச் செய்யக்கூடாது என்ற பட்டியல். வருட பட்ஜெட், புதிய கடன், உயர் பதவி நியமனம் என்று அது பெரும்பாலும் நீளமாகவே இருக்கும்.

பங்கைக் கூட்டிப் பார்த்து அதிகாரத்தை அளந்துவிட முடியாது. 2019 டிசம்பரில் கூகுள் சிஇஓ சுந்தர் பிச்சை அதன் தாய் நிறுவனமான ஆல்ஃபபெட்டுக்கும் சிஇஓ ஆனபோது நிறுவனர்களான லாரி பேஜும் செர்கே பிரின்னும் பதவிகளை விட்டார்கள். பாதிக்கு மேற்பட்ட வாக்குரிமை அவர்களிடமே இருந்தது. அது காகிதத்தில் தெரிகிற அதிகாரம். இன்ஃபோசிஸில் நடந்தது வேறு. 1981இல் ஏழு பேர் தொடங்கிய அந்தக் கம்பெனிக்கு 2014 வரை நிறுவனர்களே ஒருவர் பின் ஒருவராகத் தலைமை ஏற்றார்கள். 2014 ஆகஸ்டில் முதல் வெளியாளாக விஷால் சிக்கா வந்தார். அடுத்த சில மாதங்களில் நாராயண மூர்த்தியிடம் கௌரவப் பதவிகூட இல்லை. நிறுவனர் குடும்பங்கள் எல்லாம் சேர்ந்து வைத்திருந்த பங்கு 13 சதவீதத்துக்குள்தான். ஆனால் முன்னாள் நிதித் தலைவருக்குக் கொடுத்த விலகல் தொகை, உயர் அதிகாரிகளின் சம்பள உயர்வு, பனாயா என்ற இஸ்ரேல் கம்பெனியை வாங்கியது ஆகியவற்றைப் பற்றி மூர்த்தி கேள்வி எழுப்பியபோது நாடே திரும்பிப் பார்த்தது. 2017 ஆகஸ்ட் 18 அன்று சிக்கா பதவி விலகினார். போர்டு மூர்த்தியைக் குற்றம் சாட்டி அறிக்கை விட்டது. பங்கு விலை அன்றைக்கே ஏறக்குறைய பத்து சதவீதம் விழுந்தது. ஒரே வாரத்தில் இன்னொரு நிறுவனரான நந்தன் நிலேகணி தலைவராகத் திரும்பி வந்தார். பனாயா விவகாரத்தில் தவறு நடக்கவில்லை என்று விசாரணைகள் சொன்னதை அவர் தலைமையிலான போர்டும் ஏற்றுக்கொண்டது. அதற்குள் சிக்கா போய்விட்டிருந்தார் என்பதுதான் விஷயம்.

கடன் பக்கம் வருவோம். நம் ஊர் நடுத்தரக் கம்பெனிகளில் வங்கி கடன் கொடுக்கும்போது நிறுவனரின் தனிப்பட்ட ஜாமீனை வாங்கிக்கொள்ளும். பல நேரம் அவர் குடியிருக்கும் வீடும் அடமானத்தில் இருக்கும். நாற்காலியை உங்களிடம் கொடுத்தாலும் அந்த ஜாமீன் அவர் தலையில்தான். நீங்கள் வாங்கும் மெஷினுக்கு அவர் ஏன் பத்து கேள்வி கேட்கிறார் என்பது இது தெரிந்தால் புரியும். தலையீடு என்று நாம் நினைப்பதில் பாதி, வீடு போய்விடுமோ என்ற பயம். அவரை ஜாமீனிலிருந்து விடுவிக்க என்ன வழி என்று வங்கியோடு பேசத் தொடங்குவதைவிட அவருடைய நல்லெண்ணத்தைச் சம்பாதிக்கச் சிறந்த காரியம் எனக்குத் தெரியவில்லை. ஆனால் அவருக்குப் பதிலாக உங்கள் தனிப்பட்ட ஜாமீனை எழுதிக் கொடுக்காதீர்கள். சம்பளத்துக்கு வருகிறவர் அதைச் செய்யக்கூடாது. எவ்வளவு அன்பாகக் கேட்டாலும் சரி.

படி 3: ஒரே ஒரு பக்கம் எழுதி வாங்குங்கள்

ஆஃபர் லெட்டரில் ‘கம்பெனியின் முழு நிர்வாகப் பொறுப்பு’ என்று ஒரு வரி இருக்கும். அதற்கு நடைமுறையில் அர்த்தம் எதுவும் கிடையாது. தனியாக ஒரு தாளை எடுத்து மூன்று பத்தி போடுங்கள்: நானே முடிவெடுப்பவை, முடிவெடுத்துவிட்டு அவரிடம் சொல்பவை, கேட்டுவிட்டே செய்பவை. கீழே வருவதையெல்லாம் அதில் ஏதாவது ஒரு பத்தியில் போட்டுவிட வேண்டும்.

எத்தனை லட்சம் வரை தனியாகச் செலவு செய்யலாம். துறைத் தலைவர்களை எடுப்பது, நிறுத்துவது. விலையை ஏற்றுவது, இறக்குவது. பழைய வாடிக்கையாளருக்குக் கடன் நாட்களை நீட்டுவது. நஷ்டத்தில் ஓடும் யூனிட்டை மூடுவது. பத்திரிகைக்குப் பேட்டி கொடுப்பது யார். நிறுவனரின் உறவினர்கள் யார் யார் வேலையில் இருக்கிறார்கள், அவர்கள் யாரிடம் ரிப்போர்ட் செய்வார்கள்.

கடைசி வரிதான் பேச்சை நிறுத்தும். பர்ச்சேஸ் பார்ப்பது மச்சானாக இருக்கும், பேக்கிங் அட்டைப்பெட்டி வருவது சித்தப்பா மகனிடமிருந்து. தப்பு என்று சொல்ல வரவில்லை. மச்சான் ஒருவேளை அந்தக் கம்பெனியிலேயே நல்ல பேரக்காரராக இருக்கலாம். ஆனால் அவரைக் கேள்வி கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டா இல்லையா என்பது சேருவதற்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். வாடகை வீட்டில் ஆணி அடிக்கலாமா என்று அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே கேட்டுவிடுவது போலத்தான்.

தாளில் நிறுவனர் கையெழுத்து போட வேண்டும், போர்டு கூட்டக் குறிப்பில் அது ஏற வேண்டும். ‘நமக்குள்ளே எதுக்கு இதெல்லாம்’ என்பார். ‘உங்களுக்காக இல்லை சார், உங்களுக்கு அப்புறம் வருகிறவர்களுக்காக’ என்று சொல்லிப் பாருங்கள். பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்.

ஈசாப் (ஊழியர்களுக்கான பங்குத் திட்டம்) பங்குகள் தருவதாகச் சொன்னால், இந்தியச் சட்டப்படி அவை வழங்கிய நாளிலிருந்து குறைந்தது ஒரு வருடம் கழித்துத்தான் உங்கள் பெயருக்கு மாறும் தகுதி பெறும். பதினோராவது மாதம் அனுப்பிவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

படி 4: வாய்வார்த்தைக் கணக்கை எடுங்கள்

புதிய சிஇஓ முதல் சில வாரம் பேசாமல் கவனிக்க வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். எதைக் கவனிப்பது என்று சொல்ல மாட்டார்கள். என் பதில், நிறுவனர் வாயால் கொடுத்த வாக்குகளை.

நிறுவனர் நடத்தும் கம்பெனியில் பாதி ஒப்பந்தங்கள் அவர் தலைக்குள் இருக்கும். ‘மகள் கல்யாணத்துக்கு இரண்டு லட்சம் அட்வான்ஸ் தருகிறேன்’ என்று ஃபோர்மேனிடம் சொல்லியிருப்பார். சேல்ஸில் இருப்பவரிடம் அடுத்த வருடம் ஏரியா மேனேஜர் பதவி என்று சொல்லியிருப்பார். ஹோசூர் வாடிக்கையாளருக்கு ஸ்டீல் விலை எவ்வளவு ஏறினாலும் தீபாவளி வரை பழைய விலை. ஒரு வெண்டருக்கு முப்பது நாள், இன்னொருவருக்கு, பழைய நன்றிக்காக, கையோடு காசு. இவை கம்பெனிக் கணக்குகளை வைத்திருக்கும் ஈஆர்பி மென்பொருளில் இருக்காது. தெரியாமல் ஒன்றை மீறிவிட்டால், உங்களைப் பொறுத்தவரை அது செலவுக் கட்டுப்பாடு. அவர்களைப் பொறுத்தவரை வாக்குத் தவறியது.

ஒவ்வொருவரையும் தனியாக உட்கார வைத்து, ‘சார் உங்களிடம் ஏதாவது சொல்லியிருக்கிறாரா?’ என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். சிலர் இல்லாததையும் சேர்த்துச் சொல்வார்கள், அது பரவாயில்லை. பட்டியலை நிறுவனரிடம் கொடுத்து ஒவ்வொன்றுக்கும் ஆமாம், இல்லை, மறந்துவிட்டேன் என்று குறிக்கச் சொல்லுங்கள். ஆமாம் என்றவற்றை நிறைவேற்றுங்கள், வலித்தாலும். நிறுத்த வேண்டியிருந்தால் அதை அவரே சம்பந்தப்பட்டவரிடம் சொல்லட்டும். உங்கள் பேச்சு நிற்கும் என்று ஊழியர்கள் முதலில் நம்புவது, நீங்கள் கொடுக்காத வாக்கை நீங்கள் காப்பாற்றும்போதுதான்.

அதே வாரங்களில் அக்கவுண்ட்ஸில் உட்கார்ந்து அடுத்த பதின்மூன்று வாரத்துக்குப் பணம் எப்போது வருகிறது, எப்போது போகிறது என்று வாரவாரியாக ஒரு தாள் போடுங்கள். லாப நஷ்டக் கணக்கு அழகாக இருக்கும் கம்பெனியிலும் ஏழாம் தேதி சம்பளத்துக்கு ஓட வேண்டியிருக்கலாம்.

கவனித்துக் கற்றுக்கொண்டால் மட்டும் தப்பித்துவிட முடியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். லக்ஷ்மண் நரசிம்மன் ஸ்டார்பக்ஸில் சிஇஓ ஆகும் முன் பல மாதம் கூடவே இருந்து, கடையில் நின்று காபி போடும் பயிற்சிகூட எடுத்தார். 2023 மார்ச்சில் பொறுப்பேற்றார். அடுத்த வருடம் விற்பனை சரிந்தது. பல ஆண்டு அந்தக் கம்பெனியை வளர்த்த ஹோவர்ட் ஷுல்ட்ஸ், அப்போது கௌரவப் பட்டம் மட்டுமே இருந்தவர், கடைகளைச் சரிசெய்ய வேண்டும் என்று 2024 மேயில் பொதுவில் எழுதினார். ஆகஸ்டில் நரசிம்மனை மாற்றிவிட்டார்கள். கண்டிப்பாகச் சொன்னால் ஷுல்ட்ஸும் அதன் நிறுவனர் இல்லை. 1971இல் வேறு மூவர் தொடங்கியதை 1987இல் வாங்கியவர். இரண்டு முறை விலகி இரண்டு முறையும் திரும்பி வந்தவர். அப்படி வரலாறு உள்ளவரின் நாற்காலியில் உட்காரும்போது கெட்ட காலாண்டைத் தாங்க உங்களுக்குக் கிடைக்கும் அவகாசம் மற்றவர்களைவிடக் குறைவு.

படி 5: நிறுவனருக்கு ஒரு நாள், ஒரு நேரம்

வாரத்தில் ஒரு குறிப்பிட்ட நேரம் அவருக்கு. ஏதாவது இருந்தால் கூப்பிடுகிறேன் என்பது வேலைக்காகாது. நீங்கள் கூப்பிடாத நாட்களில் வேறு யாராவது அவரைக் கூப்பிடுவார்கள். கெட்ட செய்தியை முதலில் சொல்லுங்கள். அது அவர் காதுக்கு மச்சான் வழியாகப் போய்ச் சேர்ந்தால் நீங்கள் மறைத்ததாகத்தான் அர்த்தம்.

ஊழியர்கள் உங்களைத் தாண்டி ‘ஐயாகிட்ட ஒரு வார்த்தை’ என்று போவார்கள். போகக்கூடாது என்று சர்க்குலர் அனுப்பிச் சிரிப்புக்கு ஆளாகாதீர்கள். இருபது வருட உறவை மெமோ தடுக்காது. நிறுவனரிடம் ஒரே ஒரு கேள்வியைக் கேட்கச் சொல்லுங்கள்: ‘சிஇஓகிட்ட சொல்லிட்டியாப்பா?’ இதை அவர் நான்கு பேரிடம் கேட்டுவிட்டால் ஐந்தாமவர் போவது குறையும்.

என்றாவது ஒரு நாள் உங்கள் முடிவை அவர் மாற்றிவிடுவார். அன்று மாலையே தனியாகப் போய்ப் பேச வேண்டும். கூட்டத்தில் பேசாதீர்கள், மெயிலில் சண்டை வேண்டாம். ‘உங்கள் முடிவு சரியாகவே இருக்கலாம். ஆனால் நாளைக்கு இதை நான் சொல்வதாக இருக்கட்டும்’ என்று கேளுங்கள். முதல் தடவையைப் பெருந்தன்மையாக விட்டுவிட்டால் இரண்டாவது தடவை பேச உங்களிடம் ஒன்றும் இருக்காது.

இது சரியாக நடந்த இடங்களும் உண்டு. கூகுளில் எரிக் ஷ்மிட் 2001 முதல் 2011 வரை சிஇஓவாக இருந்தார். பேஜ், பிரின் இருவரும் உள்ளேயே இருந்து பொருட்களையும் தொழில்நுட்பத்தையும் பார்த்துக்கொண்டார்கள். 2004இல் பங்கு வெளியிட்டபோது மூவரும் சேர்ந்தே கம்பெனியை நடத்துவதாக முதலீட்டாளர்களிடம் வெளிப்படையாகவே சொன்னார்கள். இன்ஃபோசிஸில் 2018 ஜனவரியில் வந்த சலில் பரேக்கும், போர்டில் நிலேகணி தலைவராக இருக்க, நிலைத்து நின்றார். நிறுவனர் உள்ளே பொறுப்போடு இருப்பது, வெளியே குறையோடு இருப்பதைவிட மேல் என்பது என் எண்ணம். முழுதாக வெளியேறச் சொல்லி வற்புறுத்தாதீர்கள்.

படி 6: அவரால் முடியாத ஒன்றை எடுங்கள்

நிறுவனரிடம் இல்லாதது ஒன்று உங்களிடம் இருக்கிறது. அந்தக் கம்பெனியின் எந்தப் பொருள் மீதும் உங்களுக்குப் பாசம் இல்லை. முதல் பெரிய முடிவை அங்கே தேடுங்கள்.

சத்யா நாதெல்லா 2014 பிப்ரவரியில் மைக்ரோசாஃப்டின் மூன்றாவது சிஇஓ ஆனார். அடுத்த மாதமே ஐபேடுக்கான ஆஃபிஸை வெளியிட்டார். சொந்த விண்டோஸைக் காப்பாற்றவே போட்டிக்காரரின் கருவியை ஒதுக்கி வைத்திருந்த கம்பெனிக்கு அது பெரிய திருப்பம். அந்த மென்பொருள் அவருக்கு முன் சிஇஓவாக இருந்த ஸ்டீவ் பால்மர் காலத்திலேயே தயாராகிக்கொண்டிருந்தது என்பதுதான் இதில் எனக்குப் பிடித்த பகுதி. உங்கள் கம்பெனியிலும் யாரோ ஒருவரின் மேசை அலமாரியில், ‘இதைச் சொன்னால் சார் கோபப்படுவார்’ என்று மூடி வைத்த திட்டம் ஒன்று இருக்கும். கேட்டு வாங்குங்கள். 2015 ஜூலையில் நோக்கியா கைபேசித் தொழிலை வாங்கியதில் 760 கோடி டாலரை நஷ்டமாக எழுதித் தள்ளினார் நாதெல்லா. வாங்கும் முடிவை எடுத்தவரே இருந்திருந்தால் அந்த நஷ்டத்தை எழுத இன்னும் எத்தனை வருடம் ஆகியிருக்குமோ.

ஆனால் நிறுவனர் கொள்கையாக வைத்திருப்பதையும் பழக்கத்தால் செய்துகொண்டிருப்பதையும் பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். விதிவிலக்கே இல்லாமல் ஒன்றாம் தேதி சம்பளம் என்பது கொள்கையாக இருக்கலாம். எல்லா பில்லிலும் அவரே கையெழுத்துப் போடுவது பழக்கம். பழக்கத்தில் கை வையுங்கள்.

அவரைப் போலவே நடக்க முயல்வதும் வேண்டாம். தான் இருந்தால் என்ன செய்திருப்பேன் என்று யோசிக்காமல் சரியானதைச் செய் என்று ஸ்டீவ் ஜாப்ஸ் தன்னிடம் சொன்னதாக டிம் குக் சொல்லியிருக்கிறார். ஜாப்ஸ் பணத்தைச் சேர்த்தே வைத்திருந்தார். குக் வந்து ஒரு வருடத்துக்குள் ஆப்பிள் மீண்டும் டிவிடெண்ட் அறிவித்தது.

படி 7: ஆட்கள்

பழைய கம்பெனியிலிருந்து உங்கள் ஆட்களைக் கூட்டி வர ஆசை வரும். ஒருவரை அழைத்து வாருங்கள், கணக்குத் துறைக்கு. மேலே போனால் ‘அவங்க செட்டு’ என்ற பெயர் விழும். சிக்கா முன்பிருந்த எஸ்ஏபி என்ற மென்பொருள் கம்பெனியிலிருந்து பலரை அழைத்து வந்தார். அவர்களில் பலர் சில வருடங்களிலேயே வெளியேறினார்கள்.

உங்கள் சம்பளம் எவ்வளவு என்று கம்பெனியில் எல்லோருக்கும் ஒரு மாதத்தில் தெரிந்துவிடும். நிறுவனர் இன்னும் பழைய காரிலேயே வருகிறார் என்றால், புதுக் காரை இரண்டாவது வருடம் கேளுங்கள்.

போகும் நாளுக்கான காகிதங்கள்

சேரும்போதே இதை ஒரு ஃபைலாகப் போட்டு வைப்பது நல்லது. போகும் நேரத்தில் யாரும் நிதானமாக இருக்க மாட்டார்கள். நீங்கள் இயக்குநராகவும் நியமிக்கப்பட்டிருந்தால், விலகியதைக் கம்பெனி டிஐஆர்-12 படிவத்தில் 30 நாட்களுக்குள் தாக்கல் செய்ய வேண்டும்; அதன் நகலும் ரசீதும் உங்கள் கையில் இருக்கட்டும். வங்கியில் கையெழுத்து மாற்றப்பட்டதற்கு எழுத்துப்பூர்வ உறுதி வாங்குங்கள். பின்தேதியிட்டு நீங்கள் கையெழுத்திட்ட காசோலைகள் வெண்டர்களிடம் இருந்தால் எண்ணோடு பட்டியல் எடுத்து, புதியவரின் கையெழுத்தில் மாற்றித் தரச் சொல்லுங்கள். திரும்பி வந்த காசோலை வழக்கில் முதல் நோட்டீஸ் கையெழுத்திட்டவருக்கும் சேர்ந்தே வரும். ஜிஎஸ்டி, பிஎஃப் தளங்களில் அங்கீகரிக்கப்பட்ட நபராக உங்கள் பெயரும் கைபேசி எண்ணும் இருக்கும். அவை மாற்றப்படும் வரை அந்தக் கம்பெனியின் ஓடிபி உங்கள் போனுக்குத்தான் வந்துகொண்டிருக்கும்.